நாலு பேர் பர்கர் சாப்பிட 110 டாலர்: கொடுக்குற காசுக்குத் தகுமா?

இர்விங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸ்ல டாலஸ் பக்கம் இர்விங்ல இருக்கோம். நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பசங்களுக்கு நீச்சல் வகுப்பு. அது முடிஞ்சு வீட்டுக்கு வந்து அடுப்பு பத்த வைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால அன்னிக்கு மட்டும் பர்கர்னு ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். பசங்க வாரம் பூரா அதுக்காகக் காத்திருப்பாங்க.

கொரோனாவுக்கு முன்னாடி டிரைவ் த்ரூல நாலு பேருக்கும் வாங்கினா முப்பது டாலருக்குள்ள முடிஞ்சுடும். இப்ப அதே கடையில நாலு காம்போ (பர்கர், ஃப்ரைஸ், குளிர்பானம் சேர்ந்தது) ஐம்பதைத் தொடுது. போன வாரம் பெரியவளுக்குப் பிறந்தநாள்னு, உட்கார்ந்து சாப்பிடுற ஒரு பர்கர் ரெஸ்டாரண்டுக்குப் போனோம். பர்கர் ஒண்ணு 16 டாலர், ஃப்ரைஸ் தனி, குடிக்க ஆளுக்கு ஒண்ணு. வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 110 டாலரைத் தாண்டிடுச்சு. சின்னவன் பாதி சாப்பிட்டுட்டு வெச்சுட்டான். கறி வறண்டு போயிருந்தது, பன்னோட அடிப்பக்கம் ஊறிப்போய்க் கையிலேயே கிழிஞ்சுடுச்சு.

காசு கொடுக்க மனசில்லாம இதைக் கேட்கல. நல்லா இருந்தா சந்தோஷமாக் கொடுப்போம். ஆனா எதுக்குக் கொடுக்குறோம்னு தெரியணும். இந்த விலையில கறிக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு? எந்தக் கடை பர்கர் காசுக்குத் தகும்? இல்ல, வீட்லயே செஞ்சுடலாமா? வீட்டுக்காரர் வீட்லயே செய்யலாம்னுதான் சொல்றார். ஆனா நாங்க செஞ்சப்ப எல்லாம் பர்கர் மாதிரி வரல, கட்லெட் மாதிரிதான் வந்தது.

எங்க நாலு பேருக்கும் மாட்டுக்கறி பழக்கம்தான். இப்ப ஊர்ல இருந்து மாமியார் வந்திருக்காங்க, அவங்க சுத்த சைவம். அவங்களையும் கூட்டிட்டுப் போனா என்ன வாங்கித் தர்றதுன்னும் சொல்லுங்க.

கேரி சமையல் எழுதியது:

சகோதரி, என் பதில் ஒரே வார்த்தை: தகாது. வீட்டிலேயே செய்யுங்கள்.

கணக்கு இதோ. மொத்த விலைக் கடையில் பெரிய பொட்டலமாக வாங்கினால், அரைத்த மாட்டுக்கறி இப்போது பவுண்டு ஆறு டாலர் சுமார். ஒரு பர்கருக்கு ஆறு அவுன்ஸ் என்றால் இரண்டே கால் டாலர். எட்டுப் பன் உள்ள பொட்டலம் நான்கு டாலர், ஆக ஒன்று ஐம்பது சென்ட். சீஸ், தக்காளி, கீரை எல்லாம் சேர்த்து முக்கால் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மூன்றரை. நான்கு பேருக்குப் பதினான்கு டாலர். உருளைக்கிழங்கு இரண்டு டாலருக்கு வாங்கினால் பெரிய தட்டு நிறைய ஃப்ரைஸ். நீங்கள் கொடுத்த 110 டாலரில் மாதம் முழுக்க வெள்ளிக்கிழமைகளை ஓட்டிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

நான் கறியோடு பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, கரம் மசாலா, ஒரு முட்டை, உப்பு எல்லாம் சேர்த்து நன்றாகப் பிசைந்து, வடை மாதிரி தட்டி ஓவனில் வைத்துவிடுவேன். என் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

மேலூரான் எழுதியது:

நான் ஹூஸ்டன்ல ஒரு சின்ன பர்கர் கடையில சமையல்கட்டுப் பொறுப்புல இருக்கேன். அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் கிளை இருக்குற ஒரு பெரிய சங்கிலிக் கடையில கல்லு முன்னாடி நின்னு வேலை பார்த்தேன். கறிக்கு ஆர்டர் போடுறது, ஆளுங்களுக்குச் சம்பளம் எழுதுறது, மாசக் கடைசியில கணக்குப் பார்க்குறது எல்லாம் இப்ப என் கையில. அதனால இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல. கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அந்த 16 டாலரைப் பிரிச்சுக் காட்டுறேன். எங்க கடையில ஃப்ரைஸோட சேர்த்து அதே விலைதான். ஆறு அவுன்ஸ் கறி எங்களுக்கும் ரெண்டே கால் டாலர்கிட்ட ஆகுது. நல்ல பன் முக்கால் டாலர். சீஸ், பிக்கிள், சாஸ், தக்காளி ஒரு டாலர். உருளைக்கிழங்கும் எண்ணெயும் முக்கால். காகிதம், டப்பா அரை டாலர். கூட்டினா அஞ்சேகால். இந்தத் தொழில்ல பொருள் செலவு விலையில முப்பது சதவீதத்தைச் சுத்தி நிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. முப்பத்தஞ்சைத் தாண்டினா முதலாளிக்குத் தூக்கம் வராது.

இன்னொரு அஞ்சு டாலர் ஆள் சம்பளம். டெக்சஸ்ல சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009ல இருந்து மாறவே இல்ல. ஆனா அந்தக் கூலிக்கு ஹூஸ்டன் கோடையில கல்லு முன்னாடி நிக்க யாரும் வரமாட்டாங்க. பதினஞ்சாவது கொடுத்தாத்தான் ஆள் நிலைப்பாங்க. அது அவங்க உழைப்புக்கு நியாயமான காசு. மிச்சம் இருக்குறதுல வாடகை, கரண்ட், கேஸ், இன்சூரன்ஸ், கார்டு தேய்க்கிறதுக்கான கட்டணம், அழுகிப்போற தக்காளி, தப்பாப் போட்டு மறுபடியும் செய்யுற பர்கர். எல்லாம் போக முக்கால் டாலர் நிக்கும். நல்ல மாசத்துல ஒரு டாலர். உங்க பில்லுல டிப்ஸும் 8.25 சதவீத வரியும் இதுக்கு மேல. பச்சைக் கறியைக் கடையில வாங்கினா டெக்சஸ்ல விற்பனை வரி கிடையாது, சமைச்சு வித்தா உண்டு. வீட்டுக் கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் நடுவுல அந்த வித்தியாசமும் இருக்கு.

கறி ஏன் இந்த விலைன்னு கேட்டா, மாடு குறைஞ்சு போச்சு. 2025 ஜனவரிக் கணக்குப்படி அமெரிக்காவுல மொத்தம் 8 கோடியே 67 லட்சம் மாடுங்க. 1951க்கு அப்புறம் இவ்வளவு கீழ போனதில்ல. டெக்சஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் பக்கம் வருஷக்கணக்கா வறட்சி. மேய்ச்சல் காஞ்சு, தீவனம் விலை ஏறினதும் பண்ணைக்காரங்க கன்னு போடுற பசுக்களையே வித்துட்டாங்க. மழை வந்தாலும் மந்தை உடனே பெருகாது. கிடேரி வளர்ந்து, சினையாகி, கன்னு போட்டு, அந்தக் கன்னு கறிக்கு வர மூணு வருஷம் போல ஆகும். இதுக்கு நடுவுல ஸ்க்ரூவார்ம்னு மாட்டோட சதையைத் தின்னுற ஒரு புழு பரவினதால, மெக்சிகோவுல இருந்து வர்ற கன்னுங்களையும் 2024 நவம்பர்ல நிறுத்தினாங்க. கொஞ்ச நாள் விட்டுட்டு 2025ல மறுபடியும் நிறுத்தினாங்க. 2020 தொடக்கத்துல பவுண்டு நாலு டாலருக்குக் கீழ இருந்த அரைச்ச கறி, 2025 நடுவுல ஆறைத் தாண்டினது இப்படித்தான். கடைக்காரன் எல்லாரும் கொள்ளை அடிக்கிறான்னு பேசுறவங்க இதையும் பார்க்கணும்.

சரி, விலை ஏறினதுக்குக் காரணம் இருக்கு. உங்களுக்கு அது தகுமாங்கிறது வேற கேள்வி. என் மனசுல இருக்குறதைச் சொல்றேன்: நல்ல பர்கர் கடையில நீங்க காசு கொடுக்குறது கல்லுக்கும், கல்லுல இருந்து உங்க கைக்கு வர்ற நேரத்துக்கும்தான். இந்த ரெண்டும் கிடைச்சா 16 டாலர் கொடுங்க. கிடைக்கலைன்னா ஆறு டாலர்கூட அதிகம்.

எங்க கல்லு முக்கால் அங்குல கனமான இரும்புத் தகடு. காலையில பத்த வெச்சா ராத்திரி வரைக்கும் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாது. குளிர்ந்த கறி உருண்டையை அதுல வெச்சு அழுத்தினாலும் சூடு இறங்காது. அடியில பழுப்பா, ஓரமெல்லாம் சரிகை மாதிரி மொறுமொறுன்னு பிடிக்கும் பாருங்க, பர்கரோட ருசி முக்கால்வாசி அங்கதான் இருக்கு. வீட்ல மெல்லிசான சட்டியில நாலு கறியை ஒண்ணாப் போட்டா சூடு செத்துடும். கறி தண்ணி விட்டு, அந்தத் தண்ணியிலேயே வெந்து சாம்பல் நிறமாயிடும்.

அடுத்தது நேரம். கல்லை விட்டு இறங்கின பர்கர் ஏழெட்டு நிமிஷத்துக்குத்தான் பர்கர். அதுக்கப்புறம் ஆவி பன்னுக்குள்ள இறங்கும், மொறுமொறுப்பு போயிடும், கொழுப்பு உறைய ஆரம்பிக்கும். அதனால பர்கரை ஆப்ல வரவழைக்கவே வரவழைக்காதீங்க. அந்த ஆப்காரங்க எங்ககிட்ட 15ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் கமிஷன் எடுக்குறாங்க. எங்களுக்கு நிக்கிறதே முக்கால் டாலர்னு மேல சொன்னேன், அதனால எல்லாக் கடையும் ஆப்ல விலையைக் கூட்டித்தான் போடும். அதுக்கு மேல சேவைக் கட்டணம், கொண்டுவர்றவருக்கு டிப்ஸ். வீட்டுக்கு வர்றப்ப அது ஆறிப்போன ரொட்டியும் கறியும்தான். எங்க கடை பர்கரா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

உங்க சின்னவன் வெச்சுட்டுப் போன பர்கரைப் பத்தி. அரைச்ச கறியை உள்ள வரைக்கும் 160 டிகிரிக்குக் கொண்டுவரணும்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது. கறியை அரைக்கிறப்ப மேல இருக்குற கிருமி உள்ள போயிடும், அதனால குழந்தைகளுக்கு வேகாம கொடுக்கவே கூடாது. ஆனா அரை பவுண்டு கனத்துல தட்டி, கொழுப்பு குறைஞ்ச கறியைப் போட்டு 160க்கு வேக வெச்சா வறண்டுதான் போகும். ரெஸ்டாரண்டுங்க பார்க்கப் பெருசா இருக்கணும்னு கனமாப் போடுறாங்க, அங்கதான் கெட்டுப் போகுது. பன் ஊறினதுக்குக் காரணம் அதை வெண்ணெய் தடவிச் சுடாம வெச்சது, இல்லைன்னா ஆர்டர் எடுத்துப் போக ஆள் இல்லாம சமையல்கட்டு ஜன்னல்ல காத்திருந்தது. அப்படி வந்தா தயங்காமத் திருப்பிக் கொடுங்க. ஒழுங்கான கடையில முகம் சுளிக்காம வேற போட்டுத் தருவாங்க. பிறந்தநாள் அன்னிக்குக் குழந்தை பாதியில வெச்சுட்டுப் போனதைப் படிக்க எனக்கே கஷ்டமா இருந்தது.

டிரைவ் த்ரூ கதை வேற. அங்க உங்க காசு பெரும்பாலும் போறது காம்போவுல. 1948ல மெக்டொனால்ட் சகோதரர்கள் சான் பெர்னார்டினோவுல பட்டியலைச் சுருக்கி மறுபடியும் கடை திறந்தப்ப பர்கர் 15 சென்ட். இன்னிக்குக் காசுல அது ரெண்டு டாலர் போல. இப்பவும் வெறும் ஹாம்பர்கர் பல ஊர்ல ரெண்டு, ரெண்டரை டாலருக்குக் கிடைக்குது. கூடினது அதைச் சுத்தி இருக்குறதுதான். அந்தக் காலத்துல குளிர்பானம் ஏழு அவுன்ஸ், இப்ப சின்ன கப்பே 16 அவுன்ஸ். சங்கிலிக் கடையில வேலை பார்த்தவன்ங்கிற முறையில சொல்றேன், அந்தக் கப்புல இருக்குற சிரப்புக்குச் சில சென்ட்தான் ஆகும். கடைக்கு லாபம் நிக்கிறது அங்கதான். தண்ணி பாட்டில் வண்டியிலேயே வெச்சுக்குங்க, ஃப்ரைஸ் ரெண்டு பேருக்கு ஒண்ணு வாங்குங்க. உங்க ஐம்பது டாலர் முப்பதுகிட்ட வந்துடும்.

இன்னொண்ணு. மெக்டொனால்ட்ஸோட சின்னக் கறி ஒரு பவுண்டுக்குப் பத்து. பிக் மாக்ல அது ரெண்டு இருக்கும், அதாவது பச்சைக் கறியாவே 90 கிராம்தான். மெக்டபுள்ள இருக்குறதும் அதே ரெண்டு கறி. நடு பன்னும் கீரையும் அந்த சாஸும் இல்ல, விலை நல்லாவே குறைவு. பிக் மாக் சராசரி விலை 2019ல 4.39 டாலரா இருந்தது, 5.29 ஆச்சுன்னு அந்தக் கம்பெனியோட அமெரிக்கத் தலைவரே 2024 மே மாசம் கடிதமா வெளியிட்டார். அங்க கறிக்காகப் போறதா இருந்தா, கால் பவுண்டு கறி வெச்ச குவார்ட்டர் பவுண்டர் வாங்குங்க. 2018ல இருந்து பெரும்பாலான அமெரிக்கக் கடைகள்ல அதை உறைய வைக்காத கறியில, ஆர்டர் வந்தப்புறம்தான் போடுறாங்க.

நீங்க டாலஸ் பக்கம் இருக்குறதால இன்-என்-அவுட் இருக்கு. 2011ல டெக்சஸ் வந்தாங்க. காசுக்குத் தகுற சங்கிலிக் கடை எதுன்னு கேட்டா முதல்ல அவங்களைத்தான் சொல்வேன். 1948ல இருந்து ஒரே குடும்பத்து கையில இருக்கு, யாருக்கும் கிளை உரிமை விக்கிறதில்ல, கறியைத் தாங்களே தட்டி அனுப்புறாங்க, உறைய வைக்கிறதில்ல. பட்டியல் ஒரு கை அகலம்தான். பொருள் குறைச்சலா வெச்சா வீண் குறையும், வீண் குறைஞ்சா விலை குறையும், நான் தினமும் கண்ணால பார்க்குற உண்மை இது. வாட்டாபர்கர் 1950ல இருந்து நம்ம டெக்சஸ் கடை, கார்பஸ் கிறிஸ்டியில ஆரம்பிச்சது. ஆர்டர் சொன்னப்புறம்தான் கல்லுல போடுவாங்க, அஞ்சு அங்குல பன். ஒண்ணு வாங்கிப் பாதியா வெட்டச் சொன்னா ரெண்டு பசங்களுக்கும் ஆகும். ஃபைவ் கைஸ் போனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க: அங்க சாதாரண பர்கர்னா ரெண்டு கறி. ஒரு கறி வேணும்னா "லிட்டில்"னு கேட்கணும். தெரியாம எல்லாருக்கும் பெருசு வாங்கிட்டு பில்லைப் பார்த்துத் திகைக்கிறவங்க நிறையப் பேர். சின்ன ஃப்ரைஸே ரெண்டு பேர் சாப்பிடலாம்.

கேரிக்காரர் அண்ணனோட கணக்கு சரி. செய்முறையைப் பத்தி மட்டும் மரியாதையோட ஒண்ணு சொல்லிக்கிறேன். கறியோட உப்பையும் முட்டையையும் சேர்த்துப் பிசைஞ்சா, உப்பு கறியில இருக்குற புரதத்தைக் கரைச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுடும். கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்கும். அது நல்ல கபாப், நானே ரசிச்சுச் சாப்பிடுவேன். ஆனா அந்த அம்மா "கட்லெட் மாதிரி வருது"ன்னு சொன்னது இதனாலதான்.

பிளேனோ ரசம் எழுதியது:

மாமியாருக்காகக் கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன், நாங்க மூணு தலைமுறையும் சைவம்.

முதல்ல ஃப்ரைஸ். அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் சைவம் கிடையாது. 1990ல மாட்டுக் கொழுப்பை விட்டுட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினோம்னு சொன்னாங்க, ஆனா மாட்டுக்கறிச் சுவையூட்டி அதுல தொடர்ந்து இருந்தது. 2001ல இந்துக்களும் சைவர்களும் வழக்குப் போட்டாங்க, அடுத்த வருஷம் ஒரு கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணினாங்க. சுவையூட்டி இன்னிக்கும் பொருள் பட்டியல்ல இருக்கு. ஊர்ல இருந்து வர்றவங்க இந்தியாவுல சாப்பிட்ட நினைப்புல இங்கயும் வாங்கிடுறாங்க, தயவு செஞ்சு சொல்லி வைங்க. இன்-என்-அவுட்ல சூரியகாந்தி எண்ணெய், ஃபைவ் கைஸ்ல கடலை எண்ணெய். உருளைக்கிழங்கை அங்கயே வெட்டிப் பொரிக்கிறாங்க.

பர்கர்னா, பர்கர் கிங்ல இம்பாசிபிள் வாப்பர்னு, கறிக்குப் பதிலாத் தாவரப் பொருள்ல செஞ்சது ஒண்ணு 2019 ஆகஸ்ட்ல இருந்து இருக்கு. கறியும் அதுவும் ஒரே நெருப்புல போகும், அதனால தனியாச் சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்கணும். மயோனைஸ்ல முட்டை இருக்கு, அதையும் வேண்டாம்னு சொல்லிடுங்க. இவ்வளவும் சொல்லி வாங்கினா காசுக்குத் தகுமான்னு கேட்டா, எங்க அம்மாவுக்குத் தகல. அந்தக் கறி வாசனையே அவங்களுக்கு ஆகல. இன்-என்-அவுட்ல பட்டியல்ல இல்லாத கிரில்டு சீஸ் ஒண்ணு இருக்கு, கறி இல்லாம சீஸ், கீரை, தக்காளி, வதக்கின வெங்காயத்தோட தருவாங்க. விலையும் குறைவு, அவங்களுக்குப் பிடிச்சதும் அதுதான். சாஸ் வேண்டாம்னு சொல்லணும்.

நார்மன் மாணவன் எழுதியது:

மேலூரான் அண்ணே, கல்லைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சதும் இதைச் சொல்லாம இருக்க முடியல. நான் ஓக்லஹோமாவுல படிக்கிறேன். இர்விங் அக்கா, உங்க வீட்ல இருந்து மூணு, மூணரை மணி நேரத்துல எல் ரீனோன்னு ஒரு ஊர் இருக்கு. பழைய ரூட் 66 சாலை மேல. பசங்களுக்கு லீவு விட்டா ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க.

அந்த ஊர் பர்கர்ல வெங்காயம்தான் பாதி. 1920கள்ல ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்து கையில காசில்லாத நேரம். கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு. அதனால ஒரு கை நிறைய மெல்லிசா சீவின வெங்காயத்தைக் கறி உருண்டை மேல வெச்சுக் கல்லுல ஓங்கி அழுத்தி, கறியைப் பெருசாக் காட்டினாங்கன்னு அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க. வெங்காயம் கறியோட கொழுப்புலயே பொரிஞ்சு, ஓரம் கருகி, உள்ள இனிப்பா வெந்து கறிக்குள்ளயே புதைஞ்சிருக்கும். வாசல்ல வண்டியை நிறுத்துறப்பவே வெங்காய வாசனை வரும், எனக்கு எங்க ஊர் முட்டை புரோட்டாக் கடை ஞாபகம்தான்.

ராபர்ட்ஸ் கிரில் 1926ல இருந்து இருக்கு. ரொம்பச் சின்னக் கடை, கல்லுக்கு எதிர்லயே ஸ்டூல். ஜானிஸ், சிட்ஸ் ரெண்டும் பக்கத்துலதான். எல்லா இடத்துலயும் நான் சாப்பிட்டப்ப பர்கர் பத்து டாலருக்குக் கீழதான் இருந்தது. மே மாசம் முதல் சனிக்கிழமை ஊரே கூடி வெங்காய பர்கர் திருவிழா நடத்துவாங்க, நூத்துக்கணக்கான பவுண்டுல ஒரு பெரிய பர்கர் செஞ்சு எல்லாருக்கும் பங்கு போடுவாங்க. மாணவன் பட்ஜெட்ல இருக்குறவன் சொல்றேன், நான் இந்த நாட்டுல கொடுத்த சாப்பாட்டுக் காசுல மனசு நிறைஞ்சு கொடுத்தது அங்கதான்.

இர்விங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கல. பிளேனோ அக்கா, ஃப்ரைஸ் விஷயம் சத்தியமாத் தெரியாது, நல்ல வேளை அத்தைக்கு இன்னும் வாங்கித் தரல.

மேலூரான் அண்ணா, கடைக் கல்லு மாதிரி வீட்ல வராதுன்னு சொல்லிட்டீங்க. அப்போ வீட்ல செய்யவே கூடாதா? எங்ககிட்ட மின்சார அடுப்புதான். புகை வந்தா உடனே அலாரம் அடிக்குது. இரும்பு தோசைக்கல் ஒண்ணு ஊர்ல இருந்து கொண்டுவந்தது இருக்கு. வெள்ளிக்கிழமை களைச்சு வந்து செய்யுற மாதிரி ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க. அப்புறம், அடுத்து ஒரு விசேஷம்னு வெளிய போனா எப்படிக் கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்குறது?

மேலூரான் எழுதியது:

தாராளமா வீட்ல செய்யலாம்மா. இரும்பு தோசைக்கல்லு இருக்குன்னு சொன்னீங்களே, அது போதும். நான்ஸ்டிக்ல மட்டும் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு அது ஆகாது.

கறி 80/20ன்னு போட்டிருக்குறதை வாங்குங்க. நூத்துக்கு இருபது பங்கு கொழுப்பு. உடம்புக்கு நல்லதுன்னு 93/7 வாங்கிடாதீங்க, வறண்டு போறது அங்கதான் ஆரம்பிக்குது. வியாழக்கிழமை ராத்திரியே ரெண்டரை அவுன்ஸ் உருண்டையாப் பிடிச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுடுங்க. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெருசு. பிசையாதீங்க, அழுத்தாதீங்க, உதிராம நின்னாப் போதும். உப்பு, முட்டை, மசாலா எதுவும் வேண்டாம். ஒரு பர்கருக்கு ரெண்டு உருண்டை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கல்லை அடுப்புல வெச்சுட்டுப் பசங்களைக் குளிக்க அனுப்புங்க. மின்சார அடுப்புல இரும்பு சூடேற ஏழெட்டு நிமிஷம் வேணும், நடுத்தரத்துக்கு மேல வைங்க. பன்னை முதல்ல வெண்ணெய் தடவி அதே கல்லுல பொன்னிறமா வாட்டி எடுத்துடுங்க. அந்த வாட்டல் இருந்தாத்தான் சாறு இறங்காது. அப்புறம் சூட்டை ஏத்தி, எண்ணெய் ஊத்தாம ரெண்டு உருண்டை மட்டும் வைங்க. நாலு வைக்க ஆசைப்படாதீங்க. மேல ஒரு துண்டு பேக்கிங் காகிதம் வெச்சு, அடி தட்டையான சின்னப் பாத்திரத்தால பத்து விநாடி நல்லா அழுத்துங்க. காகிதத்தை எடுத்துட்டு அப்பத்தான் உப்பு, மிளகு. ஓரம் பழுப்பாகி, மேல சின்னச் சின்னதாச் சாறு துளிர்க்கும், ஒன்றரை நிமிஷம் போல ஆகும். தோசைத் திருப்பியைச் சாய்ச்சு, ஒட்டின மொறுமொறுப்போட சுரண்டித் திருப்புங்க. சீஸ் வைங்க, இன்னொரு நிமிஷம், முடிஞ்சது. இவ்வளவு மெல்லிசாப் போட்டா உள்ள வேகலையேங்கிற பயமும் இல்ல, சீக்கிரம் 160ஐத் தாண்டிடும். தம்பி சொன்ன மாதிரி வெங்காயம் போடணும்னா அழுத்துறதுக்கு முன்னாடி உருண்டை மேல வெச்சுடுங்க, ஆனா தாள் மாதிரி மெல்லிசாச் சீவணும்.

புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். அது வராம பழுப்பு வராது. ஜன்னலைத் திறந்து, ஹூட் ஃபேனை முதல்லயே போட்டுடுங்க. கொல்லைப்புறத்துல கேஸ் கிரில் இருந்தா தோசைக்கல்லைத் தூக்கி அது மேல வெச்சுடுங்க. நான் வீட்ல அப்படித்தான் செய்யுறேன், அலாரமும் அடிக்காது, வீடும் நாறாது.

கடை தேர்ந்தெடுக்குறது. பட்டியல் சின்னதா இருக்கணும். பர்கரோட பாஸ்தா, சுஷி, சாலட்னு ஆறு பக்கம் இருந்தா கல்லு முன்னாடி தனி ஆள் இருக்கமாட்டார். கறி கனமா, மெல்லிசான்னு கேளுங்க, மெல்லிசா ரெண்டா அழுத்திப் போடுற கடையா இருந்தா நல்லது. கல்லு கண்ணுக்குத் தெரியுற இடத்துல உட்காருங்க, கவுண்டர் இருந்தா அங்கயே. வெள்ளிக்கிழமைன்னா அஞ்சரைக்கே போயிடுங்க. ஏழு மணிக்கு எங்க சமையல்கட்டுல ஆர்டர் சீட்டு வரிசையா தொங்கும், ஜன்னல்ல தட்டு காத்திருக்கும், எவ்வளவு நல்ல ஆளா இருந்தாலும் அந்த நேரத்துல ஒவ்வொரு பர்கரையும் பார்த்துப் பார்த்து எடுக்க முடியாது. அஞ்சரைக்கு வர்றவங்களுக்கு நானே கல்லுல நின்னு போட்டுத் தர்றேன்.